ஆன்லைனில் எழுதினால் எழுத்து எங்கே இருக்கிறது?

கேள்வி: மூன்று பேர் சேர்ந்து 200 பக்க அளவில் ஒரு கையேடு எழுதப் போகிறோம். ஆளுக்கொரு ஊரில் இருக்கிறோம். இதுவரை வேர்டில் எழுதி மின்னஞ்சலில் அனுப்பிக்கொண்டிருந்தோம். இப்போது எது கடைசிப் பிரதி என்றே தெரியவில்லை. கூகுள் டாக்ஸ் மாதிரி ஒன்றில் நேரடியாக எழுதலாமா? நம்பி எழுதலாமா? ஒருநாள் திடீரென்று எல்லாம் போய்விட்டால் என்ன செய்வது?

பதில்:

எழுதலாம். மூன்று பேர் மூன்று இடத்தில் உட்கார்ந்து ஒரே புத்தகத்தை எழுத இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் தொடங்குவதற்கு முன் ஒரு விஷயத்தை மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் கணினியில் வேர்டில் எழுதும்போது உங்கள் கையில் ஒரு கோப்பு இருக்கிறது. கூகுள் டாக்ஸில் எழுதும்போது அப்படி ஒரு கோப்பு உங்களிடம் இல்லை. நீங்கள் தட்டும் எழுத்து, அழிக்கும் எழுத்து, தடித்த எழுத்தாக மாற்றும் சொல் எல்லாமே கணக்குப் பேரேட்டில் வரவு செலவு எழுதுவது மாதிரி ஒன்றன்கீழ் ஒன்றாகப் பதிவாகின்றன. அந்தப் பேரேடு எங்கோ இருக்கும் ஒரு நிறுவனத்தின் சர்வரில் இருக்கிறது. உங்கள் திரையில் தெரியும் பக்கம், அதைக் கூட்டிக் கழித்த பிறகு நிற்கும் மீதி. ஆன்லைனில் எழுதுவதில் கிடைக்கும் வசதி, வரும் ஆபத்து இரண்டுக்கும் காரணம் இதுதான்.

இதை நேரில் பார்க்க வேண்டுமானால் ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். கூகுள் டிரைவை கணினியில் நிறுவியிருந்தால், அந்த ஃபோல்டரில் உங்கள் டாக்ஸ் ஆவணம் ஒரு ஃபைல் போலவே உட்கார்ந்திருக்கும். அதன் அளவைப் பாருங்கள். 100 பக்கம் எழுதியிருந்தாலும் அது மிகச் சிறியதாகவே இருக்கும். காரணம், உள்ளே எழுத்து எதுவும் கிடையாது. ஆவணம் எங்கே இருக்கிறது என்று சொல்லும் முகவரி மட்டும்தான் இருக்கிறது. அதைப் பென்டிரைவில் காப்பி செய்து, பிரதி எடுத்து வைத்துவிட்டதாக நிம்மதியாக இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் எடுத்து வைத்திருப்பது வீட்டு முகவரிச் சீட்டு. வீடு இருந்த இடத்தில்தான் இருக்கிறது.

மைக்ரோசாஃப்டின் இணைய வேர்டு இதில் சற்று வேறு. அது மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பிடமான ஒன்டிரைவில், வேர்டின் வழக்கமான டாக்ஸ்எக்ஸ் (.docx) கோப்பையே வைத்துக்கொண்டு அதில்தான் எழுதுகிறது. அதனால் அதே கோப்பைக் கணினியிலுள்ள வேர்டிலும் திறக்கலாம். உங்களில் இரண்டு பேர் ஏற்கனவே வேர்டு வைத்திருந்தால் அதையே ஆன்லைனில் தொடர்வதும் நல்ல யோசனைதான். ஸோஹோ ரைட்டரும் இதே வேலையை நன்றாகச் செய்கிறது. சொல்லப்போனால் அது 2005-லேயே வந்தது. கூகுள் டாக்ஸுக்கு மூலமான ரைட்லியும் அதே ஆண்டில் வந்ததுதான். கூகுள் அதை 2006 மார்ச்சில் வாங்கியது.

அப்புறம், சேர்ந்து எழுதும்போது உள்ளே என்ன நடக்கிறது என்பது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது புரிந்தால் உங்கள் மூவருக்குள் வேலையைப் பிரித்துக்கொள்ளும் முறையே மாறும்.

ஆவணத்தில் "நாளை கூட்டம்" என்று இரண்டு சொற்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கணினி இதை எண்ணும் விதம் நம்முடையதல்ல. "நா" அதற்கு ஓரெழுத்து அல்ல. ந ஒன்று, துணைக்கால் ஒன்று. "ட்" என்பதில் ட ஒன்று, புள்ளி ஒன்று. இப்படி எண்ணினால் இடைவெளியையும் சேர்த்து மொத்தம் 12 வருகிறது. இப்போது நீங்கள் ஐந்தாவது இடத்துக்குப் பின்னால் "காலை " என்று சேர்க்கிறீர்கள். அதே நொடியில் உங்கள் நண்பர் பன்னிரண்டாவது இடத்துக்குப் பின்னால், அதாவது கடைசியில், " இல்லை" என்று சேர்க்கிறார். உங்கள் திருத்தம் முதலில் சர்வருக்குப் போய்ச் சேர்கிறது. வாக்கியம் "நாளை காலை கூட்டம்" என்று ஆகிவிட்டது. அடுத்து நண்பருடைய கட்டளை வருகிறது: 12-க்குப் பின்னால் " இல்லை" சேர். அதை அப்படியே செய்தால் என்ன ஆகும்? "நாளை காலை கூ இல்லைட்டம்" என்று ஆகும். அவர் சொன்ன பன்னிரண்டாம் இடம் இப்போது கூட்டத்தின் நடுவில் வந்துவிட்டது.

அதனால் சர்வர் ஒரு கணக்குப் போடுகிறது. நண்பர் இதை எழுதும்போது அவருக்குத் தெரியாமல் முன்னால் ஐந்து இடம் கூடியிருக்கிறது. ஆகவே 12-ஐ 17 ஆக மாற்று. இப்போது "நாளை காலை கூட்டம் இல்லை" என்று சரியாக வருகிறது. உங்கள் திரையிலும் நண்பர் திரையிலும் ஒரே வாக்கியம். ஒருவர் செய்யும் மாற்றத்துக்கு ஏற்ப மற்றவரின் மாற்றத்தை உருமாற்றும் இந்த வழியை எல்லிஸ், கிப்ஸ் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1989-லேயே எழுதிவைத்தார்கள். பிரவுசரில் சாதாரண மக்கள் கைக்கு அது வர இருபது ஆண்டுகள் பிடித்தன. கூகுள் டாக்ஸ் 2010-ல் முழுக்க மாற்றி எழுதப்பட்டபோதுதான், ஒருவர் தட்டும் எழுத்து மற்றவர் திரையில் எழுத்தெழுத்தாகத் தெரியும் நிலை வந்தது. அதற்கு முன்பு ஆவணத்தின் இரண்டு பிரதிகளை ஒப்பிட்டுச் சேர்க்கும் வழிதான் இருந்தது. இருவர் ஒரே வாக்கியத்தைத் தொட்டுவிட்டால் மோதல்தான்.

சரி, இப்போது அந்த வாக்கியத்தை மறுபடி படியுங்கள். நீங்கள் சொல்ல நினைத்தது, கூட்டம் காலையில் நடக்கும் என்று. நண்பர் சொல்ல நினைத்தது, நாளை கூட்டமே கிடையாது என்று. சேர்ந்து வந்ததைப் படிப்பவர், காலையில் இல்லை, ஒருவேளை மாலையில் இருக்கும் என்று எடுத்துக்கொள்வார். இருவரும் நினைக்காத மூன்றாவது பொருள் ஒன்று பிறந்துவிட்டது. எழுத்தில் ஒரு பிழையும் இல்லை, கணக்கு துல்லியம். இயந்திரம் எழுத்துகளைச் சேர்த்துவைக்கும், கருத்தைச் சேர்த்துவைப்பது அதன் வேலை அல்ல. மூவரும் ஒரே பத்தியில் ஒரே நேரத்தில் கைவைக்காதீர்கள் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான். அத்தியாயத்துக்கு ஒருவர் பொறுப்பு. மற்ற இருவரும் அந்த அத்தியாயத்துக்குள் வந்தால் நேரடியாகத் திருத்தாமல் "பரிந்துரை" முறையில் எழுதட்டும். அவர்கள் சேர்த்தது வேறு நிறத்திலும் நீக்கியது அடித்துக் காட்டியும் தெரியும். பொறுப்பாளர் பார்த்து ஏற்றுக்கொள்வார் அல்லது மறுப்பார். அந்தக் கணத்தில் ஒரு மனிதர் முழு வாக்கியத்தையும் படிக்கிறார் என்பதுதான் இதிலுள்ள லாபம்.

அடுத்து, நீங்கள் பயப்படும் விஷயம். போய்விட்டால்?

எழுத்து தொலைவது வேறு, ஆவணம் தொலைவது வேறு. எழுத்து தொலைவதற்கு அவ்வளவாகப் பயப்பட வேண்டாம். நாங்கள் ஒரு முறை மூன்று பேராக ஒரு வேலை செய்தபோது, எங்களில் ஒருவர் போனில் ஆவணத்தைத் திறந்து எதையோ காப்பி செய்யப் போய், மொத்தத்தையும் தேர்வு செய்து ஒரே தட்டில் அழித்துவிட்டார். சேமிக்கவா என்று கேட்கும் வழக்கம் இங்கே இல்லை அல்லவா, அடுத்த நொடியே எல்லோருக்கும் அழிந்துவிட்டது. நான் திறந்தபோது வெள்ளைப் பக்கம். வயிற்றைக் கலக்கியது உண்மை. கோப்பு மெனுவில் பதிப்பு வரலாற்றைத் திறந்தால், வலப்பக்கம் தேதியும் நேரமும் வரிசையாக, ஒவ்வொன்றிலும் யார் மாற்றினார்கள் என்ற பெயருடன் எல்லாம் இருந்தது. அழிவதற்கு முந்தைய பதிப்பைச் சொடுக்கி மீட்டெடுத்தோம். இரண்டு நிமிட வேலை. நான் சொன்ன பேரேட்டின் பலன் இது. அழித்ததும் அதில் ஒரு வரிதான். பழைய வரிகள் மேலே அப்படியே இருக்கின்றன.

ஆனால் அந்தப் பதிப்புகளெல்லாம் என்றென்றைக்கும் தனித்தனியாக நிற்கும் என்று எண்ண வேண்டாம். இடத்தை மிச்சப்படுத்த பழைய பதிப்புகள் அவ்வப்போது ஒன்றாக இணைக்கப்படும். ஆகவே ஒரு அத்தியாயம் முடிந்ததும் அந்தப் பதிப்புக்கு நீங்களே பெயர் வையுங்கள்: "மூன்றாம் அத்தியாயம், முதல் வரைவு" என்று. கூகுள் டாக்ஸில் ஓர் ஆவணத்துக்கு 40 பதிப்புகள் வரை இப்படிப் பெயரிடலாம். தாராளமாகப் போதும்.

வரலாற்றுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. திருத்தும் உரிமை உள்ள எவரும் அதைப் பார்க்கலாம். கோபத்தில் எழுதி அழித்த வரி, வேண்டாமென்று நீக்கிய பெயர் எல்லாம் அதில் இருக்கும். வெளியாள் ஒருவருக்குத் திருத்தக் கொடுப்பதாக இருந்தால் ஆவணத்தை நகலெடுத்து அந்த நகலைக் கொடுங்கள். நகலில் பழைய வரலாறு வராது.

ஆவணமே தொலைவதுதான் உண்மையான ஆபத்து. அது பெரும்பாலும் சர்வர் கெட்டுப்போய் நடப்பதில்லை. கணக்கு வழியாக நடக்கிறது. எனக்குத் தெரிந்த ஒருவர் தன் அலுவலகக் கணக்கில் ஆவணத்தைத் தொடங்கி நான்கு பேருடன் பகிர்ந்திருந்தார். வேலை மாறினார். பழைய அலுவலகம் வழக்கம்போல் கணக்கை மூடியது. அவர் உரிமையாளராக இருந்த ஆவணங்கள் அத்தனை பேருக்கும் மறைந்துவிட்டன. மற்றவர்கள் எழுதிய பகுதிகளும் சேர்ந்துதான் போயின, ஏனென்றால் பகிர்வது என்றால் ஆளுக்கொரு பிரதி கிடைப்பது அல்ல. ஒரே ஆவணத்தை எட்டிப் பார்க்க எல்லோருக்கும் ஒரு வாசல் கிடைப்பது. ஆகவே உங்கள் கையேட்டை வேலையிடத்துக் கணக்கிலோ கல்லூரிக் கணக்கிலோ தொடங்காதீர்கள். மூவரில் ஒருவருடைய சொந்தக் கணக்கில் தொடங்குங்கள்.

அந்தச் சொந்தக் கணக்கையும் கவனமாக வைத்திருக்க வேண்டும். கூகுளில் இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி இடம் ஜிமெயில், ஃபோட்டோஸ், டிரைவ் மூன்றுக்கும் பொது. 2021 ஜூன் முதல் புதிய டாக்ஸ் ஆவணங்களும் அந்த 15 ஜிபிக்குள் சேர்த்தே எண்ணப்படுகின்றன. எழுத்து மட்டுமுள்ள ஆவணம் பெரிதாக இடம் பிடிக்காது. போன் எடுத்துத் தள்ளும் வீடியோக்கள்தான் நிரப்பும். நிரம்பிவிட்டால் புதிய ஆவணம் தொடங்க முடியாது. குப்பைத் தொட்டிக்குப் போனது 30 நாளில் நிரந்தரமாக அழியும். இரண்டு ஆண்டு தொடாமல் கிடக்கும் தனிநபர் கணக்கை, அதிலுள்ளவற்றோடு சேர்த்து நீக்கலாம் என்பதும் கூகுளின் விதி. தவறே செய்யாதவருக்கும் கதவு அடைபட்டதுண்டு. 2017 அக்டோபர் 31 அன்று, விதிகளை மீறியதாகச் சொல்லி டாக்ஸ் பயனர்கள் சிலரை அவர்களுடைய ஆவணங்களுக்குள் விடாமல் தடுத்தது கூகுள். நிரலில் செய்த மாற்றத்தில் நேர்ந்த பிழை என்று பிறகு விளக்கம் வந்தது, அன்றே சரியும் செய்யப்பட்டது. நூலை அச்சுக்கு அனுப்ப வேண்டிய நாளாக அது அமைந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

எனவே வாரம் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, டவுன்லோட் செய்து உங்கள் கணினியில் ஒரு பிரதி வையுங்கள். மூவரில் இரண்டு பேராவது இதைச் செய்யுங்கள். எந்த வடிவத்தில் என்று கேட்டால் டாக்ஸ்எக்ஸ் அல்லது ஓடிடி (.odt). இரண்டும் வெளிப்படையாக வரையறுக்கப்பட்ட, ஐஎஸ்ஓ தரம் பெற்ற வடிவங்கள். டாக்ஸ்எக்ஸ் என்பது உள்ளுக்குள் ஒரு ஜிப் கோப்புதான்; பெயரின் கடைசிப் பகுதியை ஜிப் என்று மாற்றித் திறந்தால் எழுத்து ஒரு கோப்பில், படங்கள் ஒரு ஃபோல்டரில் என்று கண்ணால் பார்க்கலாம். கூகுள் இல்லாவிட்டாலும், வேர்டு இல்லாவிட்டாலும் லிப்ரே ஆபீஸ் என்ற இலவச மென்பொருளில் திறக்கும்.

பிடிஎஃப் மட்டும் எடுத்து வைத்து ஏமாந்துவிடாதீர்கள். குறிப்பாகத் தமிழில் எழுதினால். பிடிஎஃப் என்பது பக்கம் எப்படித் தெரிய வேண்டும் என்று வரைந்து வைக்கும் வடிவம். நாம் "கொ" என்று எழுதுவதில் கொம்பு முன்னால் தெரிந்தாலும், எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடில் ககரம் முதலில், உயிர்க்குறி அடுத்து என்றுதான் சேமிக்கப்படுகிறது. பிடிஎஃபிலிருந்து காப்பி எடுத்தால் பல சமயம் கண்ணுக்குத் தெரிந்த வரிசையில் கொம்பு தனியாக, ககரம் தனியாக, கால் தனியாக உதிர்ந்து வரும். 200 பக்கத்தை அப்படி மீட்டு, உட்கார்ந்து திருத்துவது கொடுமை. நான் ஒரு சிறு தொகுப்புக்கு அதைச் செய்திருக்கிறேன், எந்த எதிரிக்கும் வேண்டாம் அந்த வேலை.

தமிழில் எழுதுவது பற்றி இன்னும் ஒன்று. மூவரும் பழைய கோப்புகளிலிருந்து ஒட்டுவீர்கள் என்றால் முதலில் அவை யூனிகோடா என்று பாருங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டியவை ஆன்லைனில் ஒட்டியதும் ஆங்கில எழுத்துக் குவியலாக மாறிவிடும். அவற்றை எழுத்துரு மாற்றும் கருவியில் போட்டு யூனிகோடாக்கிய பிறகே ஒட்டுங்கள். மாற்றிய பிறகும் துணைக்கால் இருக்க வேண்டிய இடத்தில் ரகரம் உட்கார்ந்திருக்கிறதா, ஒள என்று ஒகரமும் ளகரமும் சேர்ந்து ஔகாரம் போல நடிக்கிறதா என்று தேடுங்கள். கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். ஆனால் பின்னால் ஒரு சொல்லை ஆவணம் முழுக்கத் தேடி மாற்றும்போது இவை மட்டும் சிக்காமல் தப்பிவிடும்.

பகிர்வதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். "லிங்க் உள்ள எவரும்" என்ற வசதியைத் தவிர்த்து, மூவரின் மின்னஞ்சல் முகவரிகளை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். லிங்க் என்பது ஒரு சாவி. அதை ஃபார்வர்ட் செய்தவரை யாரும் கேட்பதில்லை. 2018 ஜூலையில் பொதுவில் திறந்துவைக்கப்பட்ட கூகுள் டாக்ஸ் ஆவணங்கள் பல யாண்டெக்ஸ் தேடுபொறியில் தென்பட்டன. அவற்றில் கடவுச்சொற்கள் எழுதி வைத்தவையும் இருந்தன.

உங்கள் கையேட்டில் யாருக்கும் தெரியக்கூடாத விவரங்கள் இருந்தால் மட்டும் வேறு இடம் பார்க்கலாம். கூகுள், மைக்ரோசாஃப்ட் போன்றவை ஆவணங்களைக் குறியாக்கம் செய்துதான் வைக்கின்றன. ஆனால் சாதாரணக் கணக்குகளில் திறக்கும் சாவியும் அவர்களிடமே இருக்கிறது. கிரிப்ட்பேட் என்ற சேவையில் எழுத்து உங்கள் பிரவுசரிலேயே பூட்டப்பட்டு, பூட்டிய நிலையில்தான் சர்வருக்குப் போகிறது. லிங்கில் ஹேஷ் குறிக்குப் பின்னால் வரும் பகுதியை பிரவுசர் எந்தச் சர்வருக்கும் அனுப்புவதில்லை. திறப்பதற்கான சாவியை அங்கேதான் வைக்கிறார்கள். அழகான ஏற்பாடு. கடவுச்சொல்லை மறந்தால் அவர்களாலும் திறந்துதர முடியாது என்பது அதற்குக் கொடுக்கும் விலை. சாதாரணக் கையேட்டுக்கு இவ்வளவு தேவையில்லை.

இணையம் விட்டுவிட்டு வரும் இடத்தில் இருப்பவர், ஆஃப்லைன் வசதியை இணையம் இருக்கும்போதே இயக்கி வைக்க வேண்டும். போன பிறகு தேடினால் கிடைக்காது. ஆஃப்லைனில் எழுதியது இணையம் வந்ததும் தானே சேர்ந்துவிடும், மேலே சொன்ன அதே கணக்குத்தான். இரண்டு நாள் ஆஃப்லைனில் எழுதினால் இரண்டு நாள் திருத்தங்கள் ஒரே நேரத்தில் வந்து விழும். அந்த அத்தியாயத்தை அதுவரை மற்றவர்கள் தொடாமல் இருப்பது நல்லது.

நீளத்தைப் பற்றியும் கேட்பீர்கள். கூகுள் டாக்ஸில் ஓர் ஆவணத்துக்கு 10 லட்சத்து 20 ஆயிரம் எழுத்து என்பது எல்லை. 200 பக்கம் அதற்குள் தாராளமாக அடங்கும். இருந்தாலும் ஒரே ஆவணமாக எழுத வேண்டாம். படங்களும் கமென்டுகளும் சேரச் சேர, பழைய கணினியில் ஒவ்வொரு எழுத்தும் தட்டி அரை நொடி கழித்துத் தெரியும். அத்தியாயத்துக்கு ஓர் ஆவணம், எல்லாம் ஒரே ஃபோல்டரில். தலைப்புகளை எழுத்தைப் பெரிதாக்கி மட்டும் காட்டாமல், தலைப்பு 1, தலைப்பு 2 என்ற பாணிகளையே முதல் நாளிலிருந்து பயன்படுத்துங்கள். அப்போதுதான் கடைசியில் டாக்ஸ்எக்ஸாக இறக்கி ஒன்று சேர்க்கும்போது பொருளடக்கம் தானாக வரும்.

கடைசிக் கட்டத்தை, அதாவது பக்க எண், "45-ஆம் பக்கம் பார்க்க" போன்ற குறுக்குக் குறிப்புகள், சொல்லடைவு ஆகியவற்றை, ஆன்லைனில் செய்ய முயல வேண்டாம். அடிக்குறிப்பு சரியாகவே வரும். குறுக்குக் குறிப்பிலும் சொல்லடைவிலும் கூகுள் டாக்ஸ் பலவீனம். எழுதி முடித்து, மூவரும் ஒத்துக்கொண்டதும், அத்தியாயங்களை இறக்கி ஒருவர் கணினியில் லிப்ரே ஆபீஸிலோ வேர்டிலோ சேர்த்துவிடுங்கள். அந்த நாளிலிருந்து ஆன்லைன் ஆவணங்களில் மற்ற இருவருக்கும் திருத்தும் உரிமையை எடுத்துவிட்டு, பார்க்கவும் கமென்ட் போடவும் மட்டும் விடுங்கள். இல்லையென்றால் யாராவது ஒருவர் இரவில் பழைய இடத்திலேயே ஒரு பிழையைத் திருத்துவார், அது புத்தகத்துக்கு வந்து சேராது.